இலவச நாளில் ஜிம்முக்குப் போங்கள், பணம் மட்டும் கட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. மூன்று வருடமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் தெருமுனையில் மெடிக்கல் கடைக்கு மேல் மாடியில் சின்னதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். ஒருநாள் இலவசமாக வந்து செய்து பார்க்கலாமாம். அன்றைக்கே சேர்ந்தால் வருடக் கட்டணம் 14,000 ரூபாய்க்குப் பதில் 8,000 தானாம். போகலாமா? போனால் எதைப் பார்க்க வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: தாராளமாகப் போங்கள். சின்ன ஜிம் என்று தயங்க வேண்டாம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் மூன்றாவது மாதமும் போவீர்கள்.

ஆனால் அன்றைக்குப் பணம் கட்டாதீர்கள். அட்வான்ஸ் 500 ரூபாய்கூட வேண்டாம். "இன்றைக்கு மட்டும்" என்கிற விலையை அடுத்த வாரம் போய்க் கேட்டாலும் தருவார்கள். வருடச் சந்தாவில் லாபமே பணம் கட்டிவிட்டு வராமல் போகிறவர்களால்தான் வருகிறது. அதனால்தான் இந்த அவசரப்படுத்தல். முதல் இரண்டு மாதம் மாதாமாதம் கட்டுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. மாதக் கட்டணமே கிடையாது என்றால் வேறு ஜிம் பாருங்கள்.

தினமும் எந்த நேரத்துக்குப் போகப் போகிறீர்களோ அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். பகல் 11 மணிக்குக் காலியாக இருக்கும் இடத்தில் மாலை 7 மணிக்கு ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் நிற்பார்கள். மாஸ்டர் யாரைக் கவனிக்கிறார், யாரை விட்டுவிடுகிறார் என்பதும் அப்போதுதான் தெரியும்.

கருவி புதிதா பழையதா என்பது பெரிய விஷயமில்லை. கேபிளை மட்டும் கிட்டப்போய்ப் பாருங்கள். தலைக்கு மேலிருந்து கம்பியை இழுக்கிற மெஷினில், கப்பியில் வளைகிற இடத்திலும் கொக்கியில் மாட்டுகிற முனையிலும் பிளாஸ்டிக் உறை வெடித்து உள்ளே இரும்பு இழைகள் தெரிந்தால், அந்த மெஷினில் உட்காராதீர்கள். அறுந்தால் கம்பி முகத்தில்தான் அடிக்கும். அதைக் காட்டிக் கேட்கும்போது "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று பதில் வந்தால், மற்ற மெஷின்களின் பராமரிப்பையும் அதை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு எடை மெஷினில் ஏற்றுவார்கள். "உடம்பின் வயது 58" என்று ஒரு சீட்டு வரும். லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, அதிலிருந்து கொழுப்பின் அளவைக் கணக்கிடும் கருவி அது. தண்ணீர் குடித்திருந்தாலும் வியர்த்திருந்தாலும் எண் மாறும். அந்தச் சீட்டைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் பலர் பெர்சனல் டிரெயினிங்குக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இனி உங்கள் பிரஷர் விஷயம். வந்தவுடன் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நெஞ்சுவலி வந்ததுண்டா" என்று மாஸ்டர் கேட்கிறாரா பாருங்கள். கேட்காதவரிடம் சேர வேண்டாம். வெயிட் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். பிரஷர் சட்டென்று ஏறும். இது எல்லோருக்கும் பொது. உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். மருந்தின் பெயர் 'லால்' (lol) என்று முடிகிறதா? அட்டெனலால், மெட்டோபிரலால், பைசோபிரலால், நெபிவலால் எல்லாம் நாடித்துடிப்பைக் குறைத்து வைக்கும் மருந்துகள். கூட்டு மாத்திரையில் இரண்டாவது பெயராகச் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும், அதனால் முழுவதும் படியுங்கள். டிரெட்மில் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை 220-இல் வயதைக் கழித்து அதிகபட்ச நாடித்துடிப்பு என்று சொல்லும், உங்களுக்கு 176. அதில் இத்தனை சதவீதம் துடிப்பு வர வேண்டும் என்பார்கள். இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு ஓடினாலும் அந்த எண் பெரும்பாலும் வராது. "இன்னும் வரலையே, வேகத்தைக் கூட்டு" என்று மாஸ்டர் கூட்டிக்கொண்டே போனால் மயக்கத்தில்தான் போய் முடியும். உங்களுக்கு அட்டவணை வேண்டாம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். அதற்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

பரோட்டாக் கடை வைக்க உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வாங்க வேண்டும். பிரஷர் உள்ளவரின் தோளில் 40 கிலோவை ஏற்றுகிறவருக்கு இன்ன தகுதி கட்டாயம் என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் கிடையாது. இடுப்பும் தோளும் போய் எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கோபம் வருகிறது.

மாஸ்டர் விற்கும் புரோட்டீன் பவுடரை வாங்காதீர்கள். அதில் அவருக்குக் கமிஷன் உண்டு. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இல்லாத டப்பா, பிரித்துப் பொட்டலம் கட்டிய பவுடர் இரண்டையும் தொடவே வேண்டாம். ஊசி என்று யாராவது பேச்சை எடுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கான மெஃபென்டர்மின் ஊசியை ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கு விற்றுத் தமிழ்நாட்டிலேயே ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள். உங்களுக்கு அது விஷம்.

பிறகு சேர்ந்தால் பில் கேளுங்கள். ஜிம் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பழைய 18 இல்லை. ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத ஜிம் அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பில் தராமல் இருப்பதையும், சேவையில் குறை இருந்தும் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா. 8,000 ரூபாய்க்காக அலைய வேண்டாம் என்பதால்தான் முதலிலேயே மொத்தமாகக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

இலவச நாளில் 20 நிமிடம் லேசாகச் செய்தால் போதும். தன் திறமையைக் காட்ட முதல் நாளே 100 ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போடச் சொல்லும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள், மறுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் உடம்பு வலிப்பது சாதாரணம்தான். ஆனால் தசை வீங்கி, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.