சின்னவிரல் விறைத்தால் சீற்றைப் பாருங்கோ

கேள்வி: எனக்கு 47 வயது. நாலு வருசமாக விடியக் காலமை சைக்கிளில் பால் கொண்டுபோய்க் குடுக்கிறன். போக வர 18 கிலோமீற்றர், பாதிக்கு மேல் கிறவல் றோட்டு. இரண்டு மாதமாக வலது கையில் சின்னவிரலும் மோதிரவிரலில் பாதியும் விறைக்குது. இப்ப சேட்டுப் பொத்தான் பூட்டவும் கஷ்டம். வாதமாம், எண்ணெய் போடட்டாம். சைக்கிளை விடவேணுமோ?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: ஒரேயடியாக விடவேண்டாம் அண்ணை. எண்ணெய்ப் போத்தலை மட்டும் மூடி வையுங்கோ.

எந்த விரல், எவ்வளவு எண்டு எண்ணி எழுதினது நல்லதாப் போச்சு. சின்னவிரலும் மோதிரவிரலின் அந்தப் பக்கப் பாதியும் அல்னர் நரம்பின்ரை பங்கு. முழங்கை கதவுநிலையில் இடிபட்டால் சுரீரெண்டு ஓடுமே, அதே நரம்புதான். மணிக்கட்டு தாண்டி உள்ளங்கைக்குள் இறங்கிற இடத்தில், இரண்டு சின்ன எலும்புகளுக்கு நடுவில் ஒரு ஒடுங்கின வழியால் அது போகுது. 1861இல் அதை விவரித்த பிரெஞ்சு வைத்தியரின் பேரால் கியோன் கால்வாய் எண்டு சொல்லுவம். காண்டிலில் ஊண்டேக்க பாரம் விழுகிறது அதிலைதான். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்து இராவில் எழுப்பினால் அது வேறை நரம்பு.

என்ரை ஐயா பரந்தனில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். 1990களில் பெற்றோல் தடை. விறகு, நெல்மூட்டை, வருத்தக்காரர் எல்லாம் சைக்கிளில்தான். கை விறைக்குது எண்டு ஆராவது வந்தால் கையைத் திரும்பியும் பாரார். சீற்றுக்கு மேலை ஒரு பலகைத்துண்டு, அதுக்கு மேலை ஒரு போல்ஸ். போல்ஸ் முன்னுக்கு உருண்டால், "நீயும் இப்பிடித்தானடா வழுக்கிக் கையிலை தொங்குறாய்" எண்டு ஸ்பனரை எடுப்பார். பிசியோதெரபி படிக்கப் போனபிறகுதான் அந்தப் போல்சின்ரை அருமை எனக்கு விளங்கினது.

நீங்களும் வைத்துப் பாருங்கோ. சீற்றைச் சமமாக்கி, காண்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. பால் கானை எங்கை கொழுவுறீங்கள் எண்டு எழுதேல்லை. காண்டிலில் எண்டால் இண்டைக்கே கரியருக்கு மாத்துங்கோ. கிறவலில் ஓடுற ரயருக்குக் கல்லுமாதிரிக் காத்தடிக்கக்கூடாது. கிறிப் தேய்ஞ்சிருந்தால் பழைய ரியூப்பைச் சுத்தலாம். மணிக்கட்டை நேராக வைத்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, பிடிக்கிற இடத்தை அடிக்கடி மாத்தி ஓடுங்கோ.

எனக்குப் பயம் பொத்தான் கதைதான். ஒரு கடதாசியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின்ரை பக்கத்துக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்க, வீட்டுக்காரி மற்றப் பக்கம் இழுக்கட்டும். பெருவிரல் நுனி மடங்கினால் தசை சோர்ந்துபோச்சு. மடங்காட்டிலும் இனிப் பிந்தாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கோ. சீனி வருத்தம் இருக்கோ எண்டும் பார்க்கச் சொல்லுங்கோ. உணர்ச்சியில்லாத வெளிறின தேமல் உடம்பில் எங்கையாவது இருந்தால் மறைக்காமல் காட்டுங்கோ. தொழுநோயும் இதே நரம்பைத்தான் முழங்கையில் பிடிக்கிறது, மருந்தால் மாறும்.

அமுக்கம் நிண்டால் கூடுதலான ஆக்களுக்குச் சில கிழமைகளில், சிலருக்குச் சில மாதங்களில் விரல் பழையபடி வரும். அதுமட்டும் பாலை வேறை ஆராவது கொண்டுபோகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போற அண்டைக்கும் பஸ்சிலை போங்கோ அண்ணை.