கிழக்குக் கடற்கரைச் சாலை – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திருநகரில் இருக்கிறேன். தம்பி சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. பொங்கல் கழித்து அம்மாவை அங்கே அழைத்துப் போகிறோம். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. கடல் என்று அவர் பார்த்தது ராமேஸ்வரம் மட்டும்தான். தம்பி ஒரு நாளைக்குக் கார் பிடித்து சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காடு, தட்சிணசித்ரா அருங்காட்சியகம், கோவளம், திருவிடந்தை, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று ஏழு இடம் எழுதி வைத்திருக்கிறான். அவனுக்கு வரன் பார்க்கிறோம், அதனால் திருவிடந்தையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நீங்கள் அந்தப் பக்கம் இருந்தவர். இது சரியாக வருமா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

சரியாக வராது. ஏழு இடத்துக்கும் போய்விட்டு வரலாம். ஆனால் நான்காவது இடத்துக்கு மேல் அம்மா காரிலேயே உட்கார்ந்துகொண்டு "நீங்க பாத்துட்டு வாங்க" என்பார். ஏறி இறங்குவதுதான் முழங்காலுக்குப் பெரும் பாடு. கோவளம், திருவிடந்தை, தட்சிணசித்ரா, இந்த மூன்று போதும். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

பெயர்தான் கடற்கரைச் சாலை. திருவான்மியூரில் ஏறி நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று போகும்போது கடல் கண்ணிலேயே படாது. இடது பக்கம் முழுக்க பங்களாக்களின் மதில்தான். நான் அந்தப் பக்கம் குடிபோன முதல் வாரம், கடல் எங்கே என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு சந்து வழியைக் காட்டினார். கொஞ்ச தூரம் நடந்ததும் மணலும் அலையும் காலடியில் வந்துவிட்டன. அந்தச் சாலையின் அழகெல்லாம் இந்தச் சந்துகளின் முடிவில்தான் இருக்கிறது. இறங்கி நடக்காதவருக்கு அது கிடைக்காது.

நீங்கள் பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில்தான் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஊருக்குள் போய்ச் சுற்றி வர வேண்டாம். தம்பியை நேராகக் கிளாம்பாக்கத்துக்கே வரச் சொல்லுங்கள். வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்விடலாம். ரயில் என்றால் தாம்பரத்தில் இறங்கினாலும் இதே வழிதான். கேளம்பாக்கம் தாண்டியதும் சாலையோரம் உப்பளமும் கழிவெளியும் வரும். விடிந்த நேரத்தில் அந்தத் தண்ணீர் அசையாமல் கிடக்கும், கொக்கும் நாரையும் நிற்கும். அங்கே வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

கோவளத்துக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஃபைபர் படகுகள் கரையேறும் நேரம் அது. நான்கு பேர் படகின் பக்கத்தில் உட்கார்ந்து வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடியில் இழுத்துப் போட்டு, சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். மீனின் செவுள் கண்ணியில் மாட்டியிருக்கும். விரலை விட்டு ஒரு திருப்பு திருப்பினால் வலை அறுபடாமல் மீன் கையில் வந்துவிடும். நண்டு சிக்கியிருந்தால்தான் நேரம் பிடிக்கும், ஒவ்வொரு காலாக விடுவிக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டு என் அத்தை ஒரு மணி நேரம் மணலில் உட்கார்ந்திருந்தார். அதே ஊரில் மாதா கோயிலும், நபிகளாரின் தோழர் என்று நம்பப்படும் தமீம் அன்சாரியின் தர்காவும் இருக்கின்றன. அம்மாவுக்கு மனம் இருந்தால் இரண்டுக்கும் போய்வரலாம்.

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். அம்மா பழகிய கடல் அக்னி தீர்த்தம். அங்கே தெப்பக்குளத்தில் இறங்குவதுபோல இறங்கி முங்கி எழலாம். சென்னைக் கடல் அப்படியில்லை, அது திறந்த வங்கக் கடல். பல இடங்களில் இரண்டு எட்டு வைத்ததும் ஆழம் வந்துவிடும், திரும்பும் அலை காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே வருடாவருடம் போய்ச் சேருகிறார்கள். "ஒரே ஒரு முங்கு" என்று அம்மா கேட்பார். விடாதீர்கள். கணுக்கால் வரை நனையட்டும், அப்போதும் ஒருவர் கையைப் பிடித்தே நில்லுங்கள். காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே போக வேண்டாம், கூட்டம் தாங்காது.

திருவிடந்தைக்கு மதியம் நடை சாத்துமுன் போய்விடுங்கள். நித்யகல்யாணப் பெருமாள், அதாவது தினமும் கல்யாணம் செய்துகொண்டவர். முனிவர் ஒருவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருவராக மணந்தார் என்பது தலபுராணம். கல்யாணம் ஆகவேண்டியவர்தான் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரத்தைச் சுற்ற வேண்டும். அதனால் தம்பியும் கூட வந்தாக வேண்டும், அலுவலக வேலையென்று நழுவ விடாதீர்கள். அந்த மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக எடுத்து வருவது வழக்கம்.

மாமல்லபுரத்துக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். அன்று வழியில் சாளுவன்குப்பத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட கல்வெட்டை வைத்துத் தேடி, மண்ணுக்கடியில் ஒரு முருகன் கோயிலைத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. மேலே இருப்பது பல்லவர் காலத்துக் கல், அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். முன்னால் கல்லிலேயே ஒரு வேல் நிற்கிறது. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் அம்மா அதைப் பார்க்காமல் வரக்கூடாது. சோழமண்டலம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சேர்ந்து உண்டாக்கிய கிராமம். அருமையான இடம்தான், ஆனால் தம்பி அங்கேயே இருப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்க்கொள்ளட்டும்.

தட்சிணசித்ராவை வெயில் தாழ வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு பக்கத்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து முட்டுக்காட்டில் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள், 1996இல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரத்து வீடு, அய்யனார், மண் குதிரை எல்லாம் உண்டு. அம்மாவை எல்லா வீட்டுக்கும் அழைத்துப் போக வேண்டியதில்லை. என் அத்தை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தூணைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மேலூரில் தாங்கள் விற்ற வீட்டைப் பற்றி எங்களிடம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினார். நாங்கள் கிளம்பும்போது கதவடைக்கும் நேரமாகிவிட்டது.