வாசகர் கேள்வி – பதில்: அரசியல் பிளவும் தேவசமாதானமும்

கேள்வி: தேர்தல் முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் செய்தியைப் பார்த்தாலே மனம் கொதிக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால், எதிரணியினரோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்து தரும் சமாதானத்தைப் பெற அரசியலை அறவே விட்டுவிட வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டியதில்லை, சகோதரி. 'எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்' என்று பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதியதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம்; ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சுவிசேஷ ஊழியத்தில் தம்மோடு பாடுபட்ட எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரண்டு பெண்களை ஒரே சிந்தையாயிருக்கும்படி அவர் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்வதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எழுதியவர் காவலில் இருந்தார். வாசித்த சபையிலோ மனத்தாங்கல் இருந்தது. ஆகவே அந்த வாக்குத்தத்தம், சுற்றிலும் எல்லாம் அடங்கியிருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டதன்று.

பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம்; ரோமக் குடியுரிமை அங்கே பெரும் பெருமைக்குரியது. அந்த ஊர்ச் சபைக்குத்தான் 'நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது' என்று பவுல் எழுதினார். அவரே ரோமக் குடிமகன். பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகளிடம் அந்த உரிமையை எடுத்துச்சொல்லி நியாயம் கேட்டவர். குடியுரிமையை அவர் பயன்படுத்தினார், ஆனால் தம் நம்பிக்கையின் கடைசி ஆதாரத்தை அதன்மேல் வைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். யார் ஆள்கிறார் என்பது எளியவர்களின் வாழ்வைப் பாதிக்கும் விஷயம், அதைப்பற்றி அக்கறைப்படுவது குற்றமல்ல. ஆனால் ஒரு தலைவர் வென்றால் எல்லாம் சரியாகிவிடும், தோற்றால் எல்லாம் முடிந்துவிடும் என்று மனம் நம்பத் தொடங்கினால், அவர் வென்ற பிறகும் நிம்மதி வராது. அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவாரோ என்னும் பயம் அன்றே பிறந்துவிடும். 'பிரபுக்களை நம்பாதேயுங்கள்' என்று 146-ஆம் சங்கீதம் சொல்வது நமக்குப் பிடித்த பிரபுக்களையும் சேர்த்துத்தான்.

ஜெபத்தில் எழும் வாதத்தை அடக்கப் பெரும்பாடு படாதீர்கள். சங்கீதக்காரரும் கொதித்தவர்தாம், ஆனால் அந்தக் கொதிப்பை அவர் தேவனிடமே கொட்டினார். எதிரே இல்லாத மனிதரோடு வாதாடுவதை விட்டு, 'ஆண்டவரே, இந்தக் காரியம் என்னைக் கலங்கச் செய்கிறது' என்று அந்தக் காரியத்தைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். பவுல் விண்ணப்பத்தோடு ஸ்தோத்திரத்தையும் சேர்க்கச் சொல்கிறார். கோபமாக இருக்கும் நாளில் அது எளிதல்ல. செய்தி பார்ப்பதற்கும் ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். உறங்கும் முன் பார்க்கும் கைப்பேசி யாருக்கும் சமாதானம் தந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: 'சமாதானமாயிருங்கள்' என்று சொல்லியே அநீதியைப்பற்றிப் பேசுகிறவர்களின் வாயைச் சபையில் அடைக்கிறார்கள். இதுதான் வேதம் சொல்லும் சமாதானமா?

பதில்: அல்ல. சமாதானம் இல்லாதபோதே 'சமாதானம், சமாதானம்' என்று சொல்லி ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்கியவர்களை எரேமியா கடிந்துகொண்டார். 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காமில் நிறவெறிக்கு எதிரான போராட்டம் நடந்தபோது, சமயத் தலைவர்கள் எட்டுப் பேர் அது விவேகமற்றது, காலத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை விட்டார்கள். சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய பதிலில், பதற்றம் இல்லாதிருப்பது ஒருவகைச் சமாதானம், நீதி நிலைத்திருப்பது வேறுவகைச் சமாதானம் என்று பிரித்துக் காட்டினார். அவர் போதகராகவும் இருந்தார் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். பேசுவதை விட வேண்டாம். பேசும்போது எதிராளியை மனிதனாகவே பார்க்கிறோமா என்பதை மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வேறு கட்சிக்கு வாக்களித்தவர் என்று தெரிந்த பிறகு, ஆராதனையில் அருகில் அமரும் சகோதரரோடு பழையபடி பழக முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1774 அக்டோபர் 6-ஆம் நாள் தம் நாட்குறிப்பில், வாக்குரிமை உள்ள தம் சங்கத்தாருக்குச் சொன்ன மூன்று ஆலோசனைகளைக் குறித்திருக்கிறார்: பணமோ கைம்மாறோ வாங்காமல் தகுதியானவர் என்று தாங்கள் கருதுகிறவருக்கு வாக்களிக்க வேண்டும், தாங்கள் எதிர்த்து வாக்களித்தவரைப்பற்றித் தீமையாகப் பேசக்கூடாது, மறுதரப்புக்கு வாக்களித்தவர்கள்மேல் மனக்கசப்பு வளரவிடக்கூடாது. மூன்றாவதுதான் கடினம், ஏனென்றால் முதலிரண்டையும் வெளியே பார்த்துச் சொல்லிவிடலாம். கசப்போ நமக்கே தெரியாமல் வளரும். அந்தச் சகோதரர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? மறுத்துப் பேசும் எண்ணம் இல்லாமல் கேளுங்கள். அவருடைய பயமும் உங்களுடைய பயமும் ஒரே இடத்திலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம், அப்போதும் திருவிருந்தில் இருவருக்கும் ஒரே அப்பம்தான்.

கேள்வி: எங்கள் தரப்பு வெல்ல வேண்டும் என்று ஜெபிக்கலாமா?

பதில்: மனத்தில் இருப்பதை மறைத்து ஜெபிப்பதில் பயனில்லை, கேளுங்கள். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், 1865 மார்ச் 4-ஆம் நாள் அதிபர் ஆபிரகாம் லிங்கன் சொன்னதையும் எண்ணிப்பாருங்கள்: இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசித்து, ஒரே தேவனிடம் ஜெபித்து, ஒருவருக்கெதிராக மற்றவர் அவருடைய துணையைக் கேட்கிறார்கள் என்றார். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம், ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. அன்று ஆண்ட ரோமப் பேரரசர் கிறிஸ்தவர் அல்லர். எனவே உங்கள் வேட்பாளரின் பெயரைச் சொல்லும் அதே ஜெபத்தில் மற்றவரின் பெயரையும் சொல்லுங்கள், அவர் விழ வேண்டும் என்றல்ல, நன்றாக இருக்க வேண்டும் என்று.