கேமராவில் யாரைப் பார்க்கிறீர்கள்?

அன்புள்ள மேடம்,

எனக்கு 51 வயது. குரோம்பேட்டையில் இருக்கிறேன், வங்கி வேலை. அம்மாவுக்கு 79. ஐந்து வருடமாக அல்சைமர். எட்டு மாதமாக ஏஜென்சி மூலம் வந்த ஒரு பெண் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். சாப்பாடு போக மாதம் 26,000 ரூபாய்.

அவளால்தான் என் நிம்மதி போகிறது. பகலில் தூங்குகிறாள். ஆபீசிலிருந்து கேமராவில் பார்த்தால் கையில் போன். அம்மா 'அப்பா எங்கே' என்று இருபது தடவை கேட்டால், இருபது தடவையும் சிரித்துக்கொண்டே 'கடைக்குப் போயிருக்காரு' என்கிறாள். அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. பொய் சொல்லாதே என்றேன், கேட்கவில்லை. பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டாள். அண்ணன் துபாயில், பணம் அனுப்புவதோடு சரி. பத்து நாளும் நான் ஒருத்திதான். போன வாரம் அடுப்பில் வைத்த பாலை அடியோடு மறந்து பாத்திரமே கருகிவிட்டது, அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, அது கிடக்கட்டும். இவ்வளவு சம்பளம் வாங்குகிறவள் பகலில் தூங்கலாமா? ஏஜென்சியில் கேட்டால் 'வேற ஆள் இல்லைங்க' என்கிறார்கள். ஆளை மாற்றவா, அம்மாவை இல்லத்தில் சேர்க்கவா?

- பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

'அது கிடக்கட்டும்' என்றீர்களே, அதை அப்படியே கிடக்க விட எனக்கு மனமில்லை. கடிதம் முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றி. உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி, அதிலும் ஒரு கருகிய பால் பாத்திரம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயதில் வந்திருக்கிறது. ஒரே மரபணுவால் தலைமுறை தலைமுறையாக நேராக இறங்கும் அல்சைமர் மிக அரிது, நூற்றில் ஒன்றுகூட இல்லை. அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். அம்மாவுடையது முதுமையில் வருவது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு ஓரளவு கூடும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கூடுவது வேறு, விதி வேறு. டிமென்ஷியாவில், அதாவது அல்சைமரையும் சேர்த்த மறதி நோய்களில், ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, கவனிக்காத காது மந்தம் என்று அந்தப் பட்டியலில் இருப்பவை பலவும் நம் கையில் இருப்பவை.

51 வயது, மாதவிடாய் நிற்கும் காலம், அரைத் தூக்கம், ஆபீசில் ஒரு கண், கேமராவில் ஒரு கண். பால் பொங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருந்தாலும் பயத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, பி12 குறைந்தாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்துவிடலாம்.

இனி நான் சொல்வது கொஞ்சம் வலிக்கலாம். கேமராவில் நீங்கள் கண்காணிப்பது அந்தப் பெண்ணை மட்டுமல்ல. அந்தக் கட்டிலில் 79 வயது உங்களையும் பார்க்கிறீர்கள். நாளை நம்மையும் இப்படி ஒருத்தி சிரித்துக்கொண்டே ஏமாற்றுவாளோ என்ற பயம், அவர் மேல் கோபமாகத் திரும்புகிறது. நோயின் மேல் கோபப்பட முடியாது, அம்மா மேலும் முடியாது. கைக்கு எட்டியவர் அவர்தான்.

ஆனால் அந்தப் பொய்யில் நான் அவர் பக்கம். 'அப்பா இறந்துட்டார்' என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அம்மாவுக்கு அது புதுச் சாவு. சொன்ன செய்தி சில நிமிடத்தில் அழிந்துவிடும், அதன் துக்கம் மட்டும் காரணம் தெரியாமல் தங்கிவிடும். இருபது தடவை சிரிக்கும் பொறுமை எந்த ஏஜென்சியும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

பகல் தூக்கம் பற்றி எழுதினீர்கள். அம்மா ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று ஒரு வரி இல்லையே? அல்சைமர் வந்தவர்கள் பலருக்குப் பொழுது சாய்ந்தால் பதற்றம் கூடும், இரவு பகலாகிவிடும். 24 மணி நேரமும் ஒரே ஆள் விழித்திருக்க முடியாது. அந்தப் பத்து நாளில் உங்களாலும் முடியவில்லை. அண்ணன் அனுப்பும் பணத்தில் வாரம் இரண்டு இரவுக்கு இன்னொரு ஆள் போடுங்கள்.

இல்லத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், அது குற்றமும் இல்லை. இப்போதைக்கு, ஒரு வாரம் ஆபீசில் அந்தக் கேமராவைத் திறக்காதீர்கள். மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். ராத்திரி எப்படிப் போனது என்று அந்தப் பெண்ணிடமும் கேளுங்கள். அவர் பெயர் என்ன? எட்டு மாதமாக உங்கள் வீட்டில் இருக்கிறார், கடிதத்தில் எங்கும் அது இல்லை.