மகளின் செலியாக் நோயை இரண்டு ஆண்டுகள் கண்டுபிடிக்கவில்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: டெல்லியில் வசிக்கிறோம். 2020 ஜூனில் 7 வயது மகளுக்கு வயிற்றுப்போக்கும் உப்புசமும் தொடங்கின. ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி, டாக்டரை வீடியோவில் பார்த்தோம். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து சிரப்பும் கொடுத்தார். 2021, 2022-இல் நேரிலும் பலமுறை போனோம், அதே மருந்துதான். ரத்தசோகையும் போகவில்லை, உயரமும் கூடவில்லை. 2022 நவம்பரில் வேறொரு டாக்டர் செலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) என்று கண்டுபிடித்தார். பழைய மருத்துவமனை, "கொரோனா காலம், என்ன செய்ய முடியும்" என்கிறது. வழக்குப் போடலாமா? காலம் கடந்துவிட்டதா?

பதில் (2024 பிப்ரவரிக்கு முன் எழுதியது): போடலாம், காலமும் கடக்கவில்லை. ஆனால் எந்தத் தாமதத்துக்காகப் போடுகிறீர்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

2020 நடுவில் அவசரமில்லாத எண்டோஸ்கோபிகளை (குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) பல இடங்களில் தள்ளிவைத்தார்கள். அதற்காக டாக்டரைக் குறை சொன்னால் எடுபடாது. ஆனால் செலியாக்கைக் கண்டறிய முதலில் செய்வது எண்டோஸ்கோபி இல்லை. டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை. கோதுமை அன்றாட உணவான வட இந்தியாவில் இது அபூர்வ நோயும் இல்லை. ஓயாத வயிற்றுப்போக்கு, சிரப்புக்கு அசையாத ரத்தசோகை, நின்றுபோன வளர்ச்சி என்று மூன்றோடும் ஒரு குழந்தை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அப்போதும் அந்தப் பரிசோதனையை எழுதித் தராததற்குக் கொரோனா பதிலாகாது. உங்கள் மனு, நேரில் போன அந்த நாட்களைச் சுற்றியே இருக்கட்டும். வீடியோ நாட்களை விட்டுவிடவும் வேண்டாம்: நோயாளியை நேரில் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்யும் பொறுப்பை, 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறை டாக்டரிடமே விட்டிருக்கிறது.

ஒன்றை மனதில் வையுங்கள். நோயைத் தவறாகக் கணித்தது மட்டுமே அலட்சியம் ஆகாது. சராசரித் திறமையுள்ள டாக்டர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் அளவுகோல் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. அதனால் ஒரு குடல்நோய் நிபுணரின் எழுத்துபூர்வமான கருத்து கையில் இல்லாமல் மனுப் போடாதீர்கள்.

முதல் வேலையாக, மகளின் மருத்துவப் பதிவுகள் அனைத்தையும் கேட்டு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. மருந்துச் சீட்டுகள், பில்கள், வீடியோ ஆலோசனைக்குப் பணம் கட்டிய குறுஞ்செய்திகள், எதையும் அழிக்காதீர்கள். பள்ளியில் உயரம், எடை குறித்த அட்டை இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடக் கால வரம்பு 2 ஆண்டுகள். கொரோனா காரணமாக, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வெளியே தெரியாத பாதிப்பு என்றால் அது தெரிந்த நாளிலிருந்தே எண்ணலாம் என்ற 2010 தீர்ப்பும் உண்டு. ஆனாலும் 2024 பிப்ரவரிக்குள் போட்டுவிட்டால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை.

அப்புறம், சட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை. செலியாக் குடும்பத்தில் தொடரக்கூடியது. மகளின் உடன்பிறந்தவர்களுக்கும் உங்கள் இருவருக்கும் டிடிஜி பார்த்துவிடுங்கள். அதுவரை அவர்களுக்குச் சப்பாத்தியை நிறுத்த வேண்டாம். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம்.