150 லிட்டர் பவளத் தொட்டியை 350 லிட்டருக்கு ஒரே நாளில் மாற்றலாமா?

தருமபுரியில் வளர்க்கும் பவளங்களையும் மீன்களையும் ஒரே நாளில் பெரிய தொட்டிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். தண்ணீரை மட்டும் முதல் நாளே தயார் செய்துவிடுங்கள்.

நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். குழாயில் வரும் காவிரி நீரிலும் குளோரின் இருக்கும். அதனால் ஆர்.ஓ. (நுண்சவ்வு வடிகட்டி), டி.ஐ. (மிச்சமுள்ள அயனிகளை நீக்கும் வடிகட்டி) இரண்டிலும் வடிகட்டிய நீரையே எடுங்கள். கூடுதலாகத் தேவைப்படும் 200 லிட்டருக்குச் சுமார் 7 கிலோ கடல் உப்புக் கலவை போட்டு, பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் கலக்க வேண்டும். ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025, வெப்பம் 26 டிகிரி. பழைய தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய மணலை அப்படியே கொட்டிவிடாதீர்கள், நான் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். அடியில் தேங்கிய கழிவு கலங்கினால் அம்மோனியா ஏறும், ஆழமான மணலாக இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் வெளிவரும். மீன்கள் சில மணி நேரத்தில் செத்துவிடும். புது மணலைக் கழுவிப் போட்டு, பழையதன் மேல்மட்டத்திலிருந்து ஒரு கப் மட்டும் சேருங்கள். நன்மை செய்யும் பாக்டீரியா பெரும்பாலும் பாறைகளில்தான் இருக்கிறது. அவற்றை உலரவிடாமல் பழைய நீரிலேயே வாளியில் வையுங்கள்.

முதலில் பாறை, பிறகு பவளம், கடைசியில் மீன். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம், புது விளக்கை முதல் இரண்டு வாரம் பாதி வெளிச்சத்தில் எரியவிடுங்கள், பவளம் வெளுக்காது. ஒரு வாரம் தினமும் அம்மோனியா சோதியுங்கள்.