எஸ்கோஃபியேயின் முட்டைக் கணக்கு

வணக்கம். கேட்டரிங் படிக்கிறேன். ஆங்கிலம் சரியாகப் பேசவராத பிரெஞ்சு சமையற்கலைஞர் எஸ்கோஃபியே லண்டனில் கொடிகட்டிப் பறந்தாராமே? வெளிநாட்டு வேலைக்கு நான் பிரெஞ்சு படிக்கட்டுமா? சவாய் ஓட்டலில் அவர் பணம் அடித்தது உண்மையா? அவருடைய பீச் மெல்பா என்ற ஐஸ்கிரீம் இனிப்பை டின் பீச், ராஸ்ப்பெரி ஜாம் வைத்துச் செய்து பார்த்தேன். ஒரே திகட்டல். இதற்கா இவ்வளவு பெயர்?
கே.

அன்புள்ள கே.,

டின்னையும் ஜாமையும் கொட்டிவிட்டு அந்த மனிதர்மேல் பழி போடுகிறீர்களே! நன்கு பழுத்த பீச்சைக் கொதிநீரில் இரண்டே விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுத் தோலுரிக்க வேண்டும். அதிக நேரம் விட்டால் சதை குழைந்துவிடும். லேசாகச் சர்க்கரை தூவி, வெனிலா ஐஸ்கிரீம்மேல் வைத்து, வேகவைக்காத புது ராஸ்ப்பெரியை மசித்து வடிகட்டி ஊற்றுங்கள். அந்தப் புளிப்புதான் திகட்டலை முறிக்கிறது. ஜாமில் அது ஏது?

பண விவகாரம் உண்மை. 1898-இல் அவரையும் மேலாளர் செசார் ரிட்ஸையும் சவாய் வெளியேற்றியது. சரக்குக் கடைக்காரர்களிடம் கமிஷன் வாங்கியதை எஸ்கோஃபியே 1900-இல் எழுதியே கொடுத்தார். போகட்டும். அதற்குள் இருவரும் கார்ல்டன் ஓட்டலில் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் அவருடைய ரெசிப்பியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1890-இல் சவாய்க்கு வந்தவரின் சாமர்த்தியம் வேலையைப் பிரித்ததில் இருக்கிறது. மெயர்பீர் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்: வெண்ணெய் தடவிய தட்டில் முட்டை, பக்கத்தில் சுட்ட ஆட்டுச் சிறுநீரகம், சுற்றிலும் டிரஃபிள் என்ற காளான் வகையில் செய்த சாஸ். ஒரே ஆள் செய்தால் கால்மணி நேரம். எஸ்கோஃபியே முட்டையை ஆந்த்ரமெத்தியேயிடமும் (முட்டை, காய்கறி பார்ப்பவர்), சிறுநீரகத்தை ரோத்திசரிடமும் (சுடுபவர்), சாஸை சோசியேயிடமும் (சாஸ் செய்பவர்) கொடுத்தார். ஆர்டர் சீட்டை ஒருவர் உரக்கப் படிப்பார், மூன்று அடுப்பிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும், சில நிமிடங்களில் தட்டு வெளியே போய்விடும்.

இதில் கோட்டைவிடுவது எங்கே தெரியுமா? முட்டையில். அடுப்பிலிருந்து இறக்கினாலும் தட்டின் சூட்டில் அது வெந்துகொண்டே இருக்கும். வெள்ளை இறுகி, மஞ்சள் இளகலாக இருக்கும்போதே பரிமாறியாக வேண்டும். ஆகவே சிறுநீரகம் முதலில், முட்டை பிறகு. சாஸ் ஏடு கட்டாமல் சூடாகக் காத்திருக்க வேண்டும். சிறுநீரகம் அதிகம் வெந்தால் ரப்பர். நறுக்கி நேரம் கழித்து வைத்தால் சாறு கசிந்து முட்டையில் ஓடும். சோசியே ஒரு நிமிடம் பிந்தினாலும் மற்ற இருவரின் உழைப்பும் குப்பைக்கு. மறுபடி முதலிலிருந்து! கைப்பக்குவம் உள்ள ஆள் கிடைத்துவிடுவார். அடுத்த அடுப்பின் நேரத்தைக் காதில் வாங்கிக்கொண்டே தன் வேலையைச் செய்கிறவர் லேசில் கிடைப்பதில்லை. அந்தக் காதைப் பழக்குங்கள், தம்பி.

பிரெஞ்சா? படியுங்கள், நல்லதுதான். சமையற்கட்டில் முதலில் தேவைப்படுவது அடுப்புப் பிரிவுகளின் பெயர்கள். அதற்கு ஒரு வாரம் போதும்.